முடிச்சு, சுருக்கு, பொத்தான்: துணிப்பையின் வாயும் சொல் வரலாறும்

சுருக்குப்பை என்னும் தொகைச்சொல்லின் முற்கூறு, பையின் உள்ளே இருப்பது யாது என்பதைக் குறிக்கவில்லை. பை எதனால் ஆனது என்பதையும் குறிக்கவில்லை. பணப்பை, வெற்றிலைப்பை, தோற்பை, கைப்பை முதலிய சொற்களோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். பையின் வாய் எவ்வாறு மூடப்படுகிறது என்பதே இங்குப் பெயராகியுள்ளது. இவ்வாறு மூடும் முறையாலும் கட்டும் முறையாலும் பெயர் பெற்ற சொற்கள் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பலவாக உள்ளன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், துணிப்பையின் வாய் முடிச்சிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து பொத்தானுக்கும், பின்னர் ஜிப்புக்கும் மாறிய வரலாறு, தமிழில் படிந்துள்ள கடன்சொல் அடுக்குகளோடு ஏறத்தாழ இணைந்து செல்வது புலப்படும். மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பையின் பெயரைத் தவறாகத் தேர்ந்தால் கதை நிகழும் காலமே தவறிப்போகும்.

பையின் அமைப்பு

வீட்டில் தைக்கப்படும் சுருக்குப்பைக்கு வேண்டியவை பழந்துணி, ஊசி, நூல், கயிறு ஆகிய நான்குமே. ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள துணியைக் குறுக்கே இரண்டாக மடித்தால் ஒரு சாண் சதுரம் கிடைக்கும். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து இருபுற ஓரங்களையும் தைக்க வேண்டும். ஆனால் மேல்வாயருகே இரண்டு விரற்கடை தைக்காமல் விடப்படும். பின் அவ்வாயை விரலகலம் மடித்து, மடிப்பின் கீழோரமாகச் சுற்றித் தைத்தால் கயிறு ஓடுவதற்கான வழி அமையும். பையைப் புரட்டி, கயிற்றின் நுனியை ஓர் ஊக்கில் மாட்டி, அவ்வழியே செலுத்துவர். ஒரே கயிற்றாலும் பை சுருங்கும். ஆயினும் நன்கு மூடும் பைக்கு இரண்டு கயிறுகள் வேண்டும். ஒன்று இடப்புறம் புகுந்து வாயைச் சுற்றி இடப்புறமே வெளிவரும். மற்றொன்று வலப்புறம் புகுந்து வலப்புறமே வெளிவரும். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது வாய் நடுவே குவிந்து இறுகும். தனியே முடிச்சிட வேண்டியதில்லை.

முடிச்சு வேண்டாமை என்பதே இப்பையின் தனித்தன்மை. கட்டிய முடிச்சை ஒவ்வொரு முறையும் அவிழ்த்தாக வேண்டும். சுருக்கு இழுக்க மூடும், விரலை விட்டு விரிக்கத் திறக்கும். நாளுக்குப் பத்துமுறை வெற்றிலையும் பாக்கும் எடுப்பவருக்கும், சந்தையில் சில்லறை மாற்றுபவருக்கும் இவ்வேறுபாடு பெரிது. முதிய பெண்கள் இடுப்பில் செருகிய சுருக்குப்பை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

சுருக்கு என்பது சுருங்கு என்னும் தன்வினையின் பிறவினை வடிவம். அதுவே பெயராகி, இழுத்தால் இறுகும் கண்ணியையும் குறிக்கும். தையற்காரர் வழக்கில் துணியை நெருக்கி மடித்துத் தைப்பதும் சுருக்கு வைத்தலே. நூலை அடக்கிக் கூறுவது சுருக்கம். நன்னூல் கூறும் நூலழகுகள் பத்தினுள் சுருங்கச் சொல்லல் முதலில் நிற்கிறது. பையின் வாயைக் குவிக்கும் வினையும் உரையை அடக்கும் வினையும் தமிழில் ஒன்றாக இருப்பதை மொழிபெயர்ப்பாளர் தம் தொழில் கருதி மகிழ்ந்து நோக்கலாம். ஆங்கிலம் இப்பைக்குக் கயிற்றை இழுப்பதனால் பெயரிட்டது. தமிழோ இழுத்ததன் விளைவாகிய குவிதலால் பெயரிட்டது. ஆகவே ஆங்கிலத் தொகைச்சொல்லைப் பின்பற்றி ‘இழுகயிற்றுப் பை’ என்று புதிது புனைவது தேவையற்றது.

முடிச்சுக்கு உரிய சொற்கள்

சுருக்குக்கு முந்தியது முடிச்சு. முடிச்சிடுவதற்குத் தையல் வேண்டியதில்லை. உடுத்த ஆடையின் முந்தியோ, கிழித்தெடுத்த துண்டுத்துணியோ போதும். கிழி என்னும் பெயரே இதற்குச் சான்று. கிழிக்கப்பட்ட துணி கிழி. அதில் பொருளை இட்டுக் கட்டிய முடிப்பும் கிழி. பாண்டியன் அவையில் தூக்கிய பொற்கிழி பற்றித் திருவிளையாடற் புராணத்துத் தருமி கதையும் பெரியாழ்வார் வரலாறும் கூறுகின்றன. பெரியாழ்வார் வரலாற்றில் அக்கிழி அறுக்கப்படுகிறது, திறக்கப்படுவதில்லை. வினைச்சொல்லின் தேர்வு பொருளின் அமைப்பைக் காட்டிவிடுகிறது. இன்று பொற்கிழி தமிழில் பரிசுத்தொகைக்கான மங்கல வழக்காகச் சுருங்கிவிட்டது. மலையாளத்தில் கிழி துணிமுடிப்பாகவே உயிரோடு உள்ளது. மருந்தையோ வேகவைத்த நவரை அரிசியையோ துணியில் கட்டி உடலில் ஒற்றும் கேரள மருத்துவ முறைகள் இலக்கிழி, நவரக்கிழி என்றே வழங்குகின்றன. சித்த மருத்துவ நூல்களிலும் சரக்குகளைக் கிழிகட்டுதல் பழகிய தொடரே.

முடிப்பு என்பதும் இவ்வகையதே. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து நேர்ந்துகொள்ளும் வழக்கில் பழைய முடிப்பு சடங்காக எஞ்சியுள்ளது. பணமுடிப்பு என்பதன் வாழ்வு வேறு. காந்தியடிகள் 1927இல் கதர் நிதிக்காகவும் 1934இல் அரிசன நிதிக்காகவும் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது ஊர்தோறும் பணமுடிப்பு அளிக்கப்பட்டது. பொதுமேடைகளில் நிதியளித்தலைக் குறிக்கும் ஆங்கில வழக்குக்கு ஈடாக அச்சொல் நிலைபெற்றது. அவ்வாங்கிலச் சொல்லின் மூலம் தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தோலிலிருந்து பிறந்த சொல்லுக்கு முடிச்சிலிருந்து பிறந்த சொல் ஈடாயிற்று. பொருள் துணியிலும் இல்லை, தோலிலும் இல்லை, பெரும்பாலும் உறைக்குள் வைத்த தாளாகவே இருந்தது.

முடிச்சுக்காலத்தை மிகத் தெளிவாகக் காட்டுபவை பைகளின் பெயர்கள் அல்ல, திருடரின் பெயர்கள். தமிழில் முடிச்சவிழ்க்கி, முடிச்சுமாறி என்னும் சொற்கள் இன்றும் வசையாக வழங்குகின்றன. கன்னடத்தில் கண்டுகள்ள, கண்டு என்றால் முடிச்சு, மூட்டை, சேர்த்துவைத்த செல்வம் என்னும் மூன்று பொருளும் உண்டு. இந்தியில் கிரஹ்கட், கிரஹ் என்பது முடிச்சைக் குறிக்கும் பாரசீகச் சொல். காண்ட் என்னும் சொந்தச் சொல்லோடு சேர்ந்த கண்ட்கட்டா என்ற வடிவமும் உண்டு. சமஸ்கிருதத்தில் கிரந்திபேதன்: அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணமும் மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயமும் இவனுக்குரிய தண்டனையைக் கூறுகின்றன. பாலியில் கண்டிபேதகன். தம்மபத அட்டகதையில் இப்பெயரால் ஒரு கதை உண்டு. அறவுரை கேட்கச் சென்ற இருவருள் ஒருவன் அறத்தைக் கேட்க, மற்றவன் ஒருவரது ஆடையின் முந்தியில் முடிந்திருந்த ஐந்து மாசகக் காசைக் கவர்கிறான்.

இத்தனை மொழிகளிலும் திருடன் முடிச்சோடு தொடர்புறுத்தப்படுவது வெறும் கடன்பேறு ஆகாது. பாலி, சமஸ்கிருத வடிவங்கள் தம்முள் உறவுடையவை. ஆனால் தமிழ்ச் சொல் மொழிபெயர்ப்பாகத் தோன்றவில்லை. வடமொழித் திருடன் முடிச்சைப் பிளக்கிறான், இந்தித் திருடன் அறுக்கிறான், தமிழ்த் திருடன் அவிழ்க்கிறான் அல்லது மாற்றிவிடுகிறான். பணம் உடுத்த துணியின் முடிச்சில் இருந்த ஒரு பொதுவாழ்க்கையிலிருந்து இவை தனித்தனியே பிறந்தன என்று கொள்வதே பொருந்தும். இனி இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய பிழை ஒன்றைச் சுட்டலாம். கண்டிபேதகனைப் ‘பிக்பாக்கெட்’ என்றோ ‘சட்டைப்பைத் திருடன்’ என்றோ பெயர்த்தால், தைத்த சட்டை அணியாத மக்களுக்குச் சட்டையும் அதில் பையும் கிடைத்துவிடும். முடிச்சவிழ்க்கி என்பது இழிவழக்கு என அஞ்சி விலக்கத் தேவையில்லை. மூலத்தின் பொருட்சூழலை அது மட்டுமே காப்பாற்றுகிறது.

முடிச்சு செல்வத்தைக் குறித்தமைக்கு இந்தியில் மரபுத்தொடர்கள் மிகுதி. கண் குருடு, ஆனால் முடிச்சு நிறைவு என்ற பொருளில் வழங்கும் பழமொழி, பணமுள்ள மூடனைக் குறிக்கும். ஓர் அறிவுரையை மறவாமல் இருத்துவதும் முடிச்சில் கட்டிக்கொள்வதே. தமிழில் முந்தானையில் முடிந்துகொள்ளுதல் என்ற தொடர் கணவனைத் தன்வயப்படுத்துவதைக் குறிக்கிறது. சொல்லுக்குச் சொல் ஒத்த தொடர்கள் பொருளில் இவ்வளவு விலகி நிற்பதால், இந்தித் தொடரை அப்படியே பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். முடிச்சோடு உறவுடைய கிரந்தம் என்னும் சொல் சுவடியையும், நூல் என்னும் தமிழ்ச்சொல் இழையையும் புத்தகத்தையும் குறிப்பது அனைவரும் அறிந்ததே.

மடியும் சைனும்

முடிச்சுக்கும் முந்திய நிலை மடிப்பு. இடுப்பில் சுற்றிய ஆடையின் மடிப்பே காசு வைக்கும் இடமாக இருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற பழமொழியில் மடி பணப்பையே. இலத்தீனில் சினுஸ் என்னும் சொல் உரோமர் மேலாடையின் மடிப்பையும், மார்பையும், காசு வைக்கும் இடத்தையும் குறித்தது. அரபியில் ஜைப் என்பது ஆடையின் கழுத்துத் திறப்பு. அதுவே இந்தியில் ஜேப் ஆகி, தமிழில் ஜேபி, சேப்பு என வந்து சட்டைப்பையைக் குறித்தது.

இவ்விரு சொற்களும் மொழிபெயர்ப்பு வரலாற்றில் புகழ்பெற்ற பிழை ஒன்றில் சந்தித்தன. ஆரியபடரது வானியலில் வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்னும் சொற்கள் வட்டத்தின் அரைநாணுக்கு வழங்கின. அரபியர் ஜீவாவை ஒலிபெயர்த்து, உயிர்க்குறியின்றி மெய்யெழுத்துகளால் எழுதினர். அவ்வெழுத்துக்கூட்டு ஜைப் எனவும் படிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதற்கு ஆடைமடிப்பைக் குறிக்கும் சினுஸ் என்னும் சொல்லை இட்டனர். இன்று பள்ளி மாணவர் கோணத்துக்குச் சைன் காணும்போது, தெரியாமலே ஒரு சட்டைப்பையைத் துழாவுகின்றனர்.

தைத்த பையும் சுமந்த பையும்

சங்க இலக்கியத்தில் ஊசியும் தையலும் அறியப்பட்டவையே. புறநானூற்று 82ஆம் பாட்டில் கட்டில் கட்டுபவனது ஊசியின் விரைவு போரின் விரைவுக்கு உவமை ஆகிறது. ஆனால் ஆடையில் தையல் வருமிடங்களில் அது பெரும்பாலும் வறுமையின் அடையாளம். பொருநராற்றுப்படையிலும் புறநானூற்று 136ஆம் பாட்டிலும் துன்னம் என்பது பாணர், பொருநர் போன்றோரின் கந்தலில் இட்ட ஒட்டுத்தையல். புதிய துணி நெய்தபடியே உடுத்தப்பட்டது. ஊசி பழந்துணிக்கே உரியதாயிருந்தது. சிலப்பதிகாரத்தில் துன்னகாரர் என்போர் புகார் நகரத் தொழிலாளர் வரிசையில் இடம்பெறுகின்றனர். தோல் தைப்போர் வேறாகக் கூறப்படுகின்றனர். சமஸ்கிருதத்தில் தையற்காரனுக்குத் துன்னவாயன் என்ற பெயர் உண்டு. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததாகக் காட்ட முயல்வோர், துன்னு என்னும் தமிழ்வினை நெருங்குதல், செறிதல் என்னும் பொருளில் பரவலாக வழங்குவதையும் கருத வேண்டும்.

வேட்டியும் சேலையும் உடுத்த சமூகத்தில் வீட்டு ஊசிக்கு அமைந்த வேலைகள் சிலவே: கந்தலை ஒட்டுதல், தலையணை உறை, பை. இன்றும் கைலியின் இரு முனைகளை இணைத்துத் தைப்பதை மூட்டுதல் என்றே கூறுவர். மூட்டை என்ற பெயரை அவ்வினையோடு இணைத்துக் காண்பது பொருத்தமே. அளவெடுத்து வெட்டித் தைக்கும் தொழில் தையற்காரரிடம் இருந்தது. வெட்டாமல், அளவெடுக்காமல் தைக்கத்தக்க பை வீட்டில் இருந்தது. 1930களில் கல்கத்தாவில் உஷா தையல் இயந்திரம் செய்யப்படத் தொடங்கிய பிறகும் சுருக்குப்பை பெரும்பாலும் கைத்தையலாகவே நீடித்ததற்கு, அதன் சிறுமையே காரணம்.

வாயை மூடும் முறையால் அன்றி உள்ளீட்டால் பெயர் பெற்ற பைகளும் உண்டு. அவற்றுள் குறிப்பிடத்தக்கது அடைப்பை. அடை என்பது இலை, வெற்றிலை, அடைப்பை வெற்றிலைப்பை. தெலுங்கில் அடபமு, கன்னடத்தில் அடப. அரசருக்கு வெற்றிலைப்பை சுமப்பது விசயநகரக் காலத்தில் செல்வாக்குமிக்க பதவி. தஞ்சை நாயக்க மரபைத் தொடங்கிய சேவப்ப நாயக்கர் அச்சுததேவராயரிடம் அப்பதவி வகித்தவர் என்பர். கன்னடத்தில் இவ்வகைப் பைக்குச் சஞ்சி என்றும் பெயர். மைசூரில் சிக்கதேவராய உடையார் (1673–1704) அரண்மனையில் வெற்றிலைப்பை ஏந்தும் பணியிலிருந்து, ‘ஹதிபதெய தர்ம’ என்னும் நூலை இயற்றிய பெண்கவி, சஞ்சி ஹொன்னம்மா என்றே இலக்கிய வரலாற்றில் அறியப்படுகிறார். பிறர் சுமந்த பை உள்ளீட்டால் பெயர் பெற, தானே வைத்துக்கொண்ட பை மூடும் முறையால் பெயர் பெற்றது என்று பொதுமைப்படுத்தலாமா? சஞ்சி இதற்கு எளிதில் இடந்தருவதில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது எல்லாப் பைக்கும் பொதுப்பெயர். மராத்தியில் வெற்றிலைப்பையைக் குறிக்கும் சஞ்சீ என்னும் சொல் இதனோடு உறவுடையதாகலாம்.

வணிகரின் பை வேறு. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் தொடர்பான இடைக்காலக் கல்வெட்டுகளில் பசும்பை என்னும் சொல் வருகிறது. பழங்கன்னடப் பசும்பெ, பகரம் ஹகரமாகும் மாற்றத்துக்கு உட்பட்டு ஹசும்பெ ஆயிற்று. நீண்டு, நடுவே வாய் திறந்து, இருபுறமும் பொருள் தொங்கும் பை அது. தோளிலோ விலங்கின் முதுகிலோ இட்டால் அதன் கனமே வாயை மூடும். பசுமை என்னும் பண்பைக் கொண்டு அதன் பெயரை விளக்குவது, ஒலி ஒப்புமையை நம்பிய விளக்கமாகத் தோன்றுகிறது.

நாடாவும் காஜாவும்

சுருக்கு தமிழ்ச்சொல், ஆனால் சுருக்கும் கயிறு நாளடைவில் நாடா ஆயிற்று. இந்துஸ்தானியிலிருந்து வந்த இச்சொல் முதலில் காற்சட்டையின் இடுப்புக் கயிற்றோடு தொடர்புடையது. வடக்கே அதற்கு இஜார்பந்த் என்ற பாரசீகப் பெயரும், அக்கயிறு ஓடும் மடிப்புக்கு நேஃபா என்ற பெயரும் உண்டு. தமிழில் பாவாடை நாடாவாக வீட்டுக்குள் நுழைந்த சொல், பின் அகன்று பரவியது. விளக்குத் திரியாகிய நாடா, கோப்புகளைக் கட்டிய சிவப்பு நாடா, அதனால் அலுவலகத் தாமதம், ஒலிப்பதிவு வந்தபின் ஒலிநாடா என அதன் பொருள் விரிந்தது. நெசவாளர் தறியில் ஓடும் நாடா வேறு பொருள். அதனை இதனோடு ஒரே பதிவில் சேர்த்தல் ஆகாது.

நாடா வந்தது, நேஃபா வரவில்லை. கயிறு ஓடும் அவ்வழிக்குத் தமிழில் மடிப்பு என்ற பொதுச்சொல்லே வழங்குகிறது. வட இந்தியக் கதைகளில் பெண்கள் காசை நேஃபாவில் செருகி வைக்கும் இடங்கள் வரும்போது, ‘இடுப்பு மடிப்பு’ என்று எழுதினால் சேலை மடிப்பு என்றே தமிழ் வாசகர் கொள்வர். ‘நாடா மடிப்பு’ என்பது ஓரளவு பொருந்தும். ஒவ்வொரு வீட்டிலும் தைக்கப்பட்ட உறுப்புக்கு எழுத்துத் தமிழில் தனிப்பெயர் நிலைபெறாதது, கலைச்சொல் தொகுப்புகள் ஆலைகளையும் அலுவலகங்களையும் நோக்கிய அளவுக்கு அடுக்களைத் திண்ணையை நோக்காததன் விளைவு எனலாம்.

நாடா நிலவழி வந்ததென்றால், பொத்தான் கடல்வழி வந்தது. பொத்தான் போர்ச்சுகீசியச் சொல். பொத்தானின் துளையைத் தையற்காரர் காஜா என்பர், இந்தியில் காஜ். இதுவும் வீட்டையும் பொத்தான் துளையையும் ஒருங்கே குறிக்கும் காசா என்னும் போர்ச்சுகீசியச் சொல்லே. பூட்டும் உறுப்பும் அது புகும் இடமும் ஒரே மொழியிலிருந்து இணையாக வந்தன. ஜிப் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதற்குத் தமிழாக்கம் தேடும் முயற்சிகள் பேச்சைத் தொடவில்லை. ஆக, முடிச்சும் சுருக்கும் தமிழ், நாடா இந்துஸ்தானி, பொத்தானும் காஜாவும் போர்ச்சுகீசியம், ஜிப் ஆங்கிலம் என்று, ஒரு பையின் வாயிலேயே தமிழின் தொடர்பு வரலாறு வரிசையாகப் படிந்துள்ளது. இவ்வரிசையைக் கால அளவுகோலாகக் கொள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. சொல் வந்த காலத்துக்கு முன்னரே பொருள் வந்திருக்கலாம். நாடா என்ற பெயர் வருமுன் கயிறு இருந்தது. ஆனால் காஜா போன்ற நுண்ணிய உறுப்பின் பெயர் பொருளோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பை

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இத்துறையில் பயில வேண்டிய ஒன்று. எபிரேயத்தில் செரோர் என்பது கட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். முடிப்பு என்பதற்கு முற்றும் நேர். ஆதியாகமம் 42ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் சகோதரர் சாக்குகளில் காணும் பணத்துக்குத் தமிழ் பணமுடிப்பு என்கிறது. ஆகாய் முதலதிகாரத்தில் அதே எபிரேயச் சொல் வருகிறது. அங்கே அது துளையுள்ளது. தமிழ் அதனைப் பை என்றே பெயர்த்தது. முடிப்பு என்றிருந்தால் பொத்தல் பொருந்தாது; முடிப்பு கட்டப்படுவது, பையோ நிரப்பப்படுவது. ஒரு சொல்லுக்கு ஒரே ஈடு என்ற விதியை மீறி, பொருளின் அமைப்பைப் பின்பற்றிய தேர்வு இது. புதிய ஏற்பாட்டில் லூக்கா காட்டும் பணப்பையும், மாற்கு காட்டும் கச்சையும் வெவ்வேறு கிரேக்கச் சொற்கள். பின்னதைப் பணப்பை என்று சமன்செய்யாமல் கச்சை என விட்டதால், இடுப்பில் காசு செருகிய வழக்கம் தமிழிலும் தெரிகிறது.

பட்டுவா என்னும் வட இந்தியச் சொல் இவ்வளவு எளிதாக அடங்குவதில்லை. இந்தியில் அது முன்பு சுருக்குப்பை. இப்போது மடித்து வைக்கும் பணப்பையும் அதுவே. ஆதலால் மூலக்கதையின் காலம் அறிந்தே தமிழ்ச்சொல்லைத் தேர வேண்டும். மராத்தியில் ‘ஆஜீபாயீசா பட்வா’, அதாவது பாட்டியின் சுருக்குப்பை, வீட்டு மருந்துகளுக்கான மரபுத்தொடர். தமிழ்ப் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலையும் காசும் உண்டு. கைமருந்து நினைவுக்கு வருவது அஞ்சறைப்பெட்டியைச் சொன்னால்தான். இங்கே பைக்குப் பெட்டியே சரியான மொழிபெயர்ப்பு.

ஆங்கிலத்தில் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைக் குறிக்கும் பட்ஜெட் என்ற சொல்லே சிறு தோற்பையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவில் 2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் தோற்பெட்டியை விடுத்து, சிவப்புத் துணியில் பொதிந்து கயிறு கட்டிய கோப்பாக அதனைக் கொண்டுவந்தார். சொல்லின் மூலம் நினைந்து செய்ததன்று அது. வடநாட்டு வணிகரின் கணக்கேட்டு மரபை ஒட்டியது.

அண்மைக்காலச் சொல்வரவு ஒன்று அகராதியாளர் கவனத்துக்குரியது. திருமண வீடுகளில் தாம்பூலத்துக்கு வழங்கும் சிறு சுருக்குப்பைகள், குறிப்பாகப் பட்டுத்துணியும் மணிக்கயிறும் உடையவை, கடைகளில் ‘பொட்லி பை’ எனப்படுகின்றன. இந்திப் போட்லீ அடிப்படையில் சுருக்குப்பை அன்று. துணியில் வைத்துக் கட்டிய முடிப்பு. சமஸ்கிருதப் போட்டலிகாவும், தமிழ்ப் பொட்டலம், பொட்டணம் ஆகியவையும், தெலுங்குப் பொட்லமும் இதன் இனம். தமிழில் பொட்டலம் மளிகைக்கடையின் காகிதக் கட்டாகிவிட்ட நிலையில், அதன் வடநாட்டு உறவுச்சொல் நாடா கோத்த பட்டுப்பையாகத் திரும்பி வந்து, சுருக்குப்பை என்னும் பெயரை வெற்றிலை போடும் முதியவரின் இடுப்போடு நிறுத்திவிட்டது. தையல் ஒன்றே, கயிறு ஓடும் வழியும் ஒன்றே. விலையும் தகுதியும் மட்டுமே பெயரைப் பிரிக்கின்றன. பொட்லியைப் பொட்டலத்தின் திரிபாகக் காட்டாமல் தனித் தலைச்சொல்லாக இட்டு, வழக்கிடத்தைக் குறித்து, சுருக்குப்பையை அதன் பொருள்விளக்கத்திலேயே வைப்பது பொருந்தும்.